தொட்டியை விடுங்கள், மெமரி காட்டைக் கவனியுங்கள்

கேள்வி (கிளிநொச்சி வாசகி, வயது 31): கனடாவில் வேலை செய்யும் கணவர் ஓகஸ்டில் வருகிறார். கலியாண நாளுக்கு, அவர் மட்டும் பார்ப்பதற்கு, குளியல் தொட்டியில் எடுத்த சில அந்தரங்கப் படங்களைப் பரிசாகக் கொடுக்க ஆசை. வவுனியாவில் தொட்டி உள்ள விடுதி அறை, மேக்கப், படம், ஆல்பம் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜாகச் செய்து தருவதாக ஒருவர் பேசுகிறார். நம்பலாமா? வீட்டு ஷவரில் எடுத்தால் நன்றாக வருமா?

பதில்: வீட்டு ஷவரிலேயே எடுங்கள், நன்றாக வரும். பேக்கேஜ்காரருக்கு இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆசைப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் உடம்பு, உங்கள் கணவர். ஆனால் தொட்டி நம் ஊருக்குத் தோதுப்படாது. ஒரு தொட்டி நிரம்ப 150 லீற்றர் தண்ணீராவது வேண்டும். ஓகஸ்டில் வன்னிக் கிணறுகள் எவ்வளவு இறங்கிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதோடு நம் தண்ணீர் கடினத் தண்ணீர். சவர்க்காரம் போட்டால் நுரை நிற்காது, சாம்பல் நிறத்தில் ஆடைதான் மிதக்கும். தொட்டிப் படத்தில் உடம்பை மறைப்பதே அந்த நுரைதான். ஷவரில் அந்தத் தொல்லை இல்லை. நனைந்த பருத்திச் சேலை, தோளில் ஓடும் தண்ணீர், பாதி தெரியும் முகம், அது போதும்.

இனிப் பேக்கேஜ்காரர். இப்படிப் பேசுகிறவர்களில் பலரிடம் கமராவும் இல்லை, அறையும் இல்லை. ஃபோனில் காட்டுகிற படங்கள் வேறு யாரோ எடுத்தவை. அன்றைக்கு யார் கமராவோடு வந்து நிற்பார் என்பது அவருக்கே கடைசி நாள்தான் தெரியும். அறையை அவர் பிடிப்பார், விடுதிப் பதிவேட்டில் உங்கள் அடையாள அட்டை இலக்கம் ஏறும். எடிட் செய்ய ஒருவர், ஆல்பம் அடிக்க ஒரு லாப். எல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்றால் அத்தனை பேர் கையிலும் உங்கள் படம் போய் வரும் என்று அர்த்தம். முகம் தெரியாமல் எங்கள் பேஸ்புக் பக்கத்தில் போட விட்டால் பாதி விலை என்றும் கேட்பார். விடாதீர்கள். ஒரு மச்சம், ஒரு வளையல், சுவர் டைல்ஸின் பூ, இதில் ஏதாவது ஒன்று போதும், நம் ஊரில் ஆளைக் கண்டுபிடிப்பதற்கு.

புகைப்படக்காரர் வேண்டுமென்றால் ஒரு பெண்ணைத் தேடி நேரே பேசுங்கள், இடையில் ஆள் வேண்டாம். மெமரி காட்டை நீங்களே புதிதாக வாங்கிக் கொடுங்கள். எடுத்து முடிந்ததும் அது உங்கள் கைக்கு வர வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இப்போதைய நல்ல கமராக்கள் பலவற்றில் காட் போடும் இடம் இரண்டு. ஒன்றில் பதிவாகும் படம் அதே நேரத்தில் மற்றதிலும் பதிவாகும்படி வைக்கலாம். கலியாண வீட்டுக்கு அது நல்ல ஏற்பாடு, ஒரு காட் பழுதானாலும் படம் தப்பும். உங்களுக்கு அதுதான் ஆபத்து. ஒரு காட்டைச் சிரித்தபடி கையில் தந்துவிட்டு, மற்றதோடு வீட்டுக்குப் போய்விடலாம். தொடங்கும் முன்னமே கமராவின் சின்னக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது இடம் வெறுமையாக இருக்க வேண்டும். படங்களைத் தானாக ஃபோனுக்கு அனுப்பும் வசதியும் அணைந்திருக்க வேண்டும். உங்கள் முன்னாலேயே அழிக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மெமரி காட்டில் அழித்த படத்தை மீட்டெடுக்க மென்பொருள் இருக்கிறது.

ஒரு தாளில் எழுதியும் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைப்பின் உரிமை முதலில் படைத்தவருக்கு, இங்கே படம் எடுத்தவருக்கு. அதனால் பிரதி வைத்திருக்கவோ யாருக்கும் காட்டவோ மாட்டேன் என்று அவர் தமிழில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் அவர் வேண்டாம்.

படம் எடுக்கும் இடத்தில் யாருடைய ஃபோனும் இருக்கக் கூடாது. ஒரே விதிவிலக்கு, வேறு ஆள் இல்லாமல் நீங்களே டைமர் வைத்து உங்கள் ஃபோனில் எடுப்பது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்த வழி. ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். கூகிள் போட்டோஸில் தானாகச் சேமிக்கும் வசதியை முதலில் அணையுங்கள். அணைக்காவிட்டால் அதே கணக்கு உள்ள எல்லா இடத்துக்கும் படம் போகும். பிள்ளைகள் படிக்கும் டப்லெட்டில் எந்தக் கணக்கு இருக்கிறது? அம்மாவுக்குக் கொடுத்த பழைய ஃபோனில்? ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். படங்களைக் கூகிள் போட்டோஸிலுள்ள பூட்டிய கோப்புறைக்குள் மாற்றுங்கள். வேண்டாத படத்தை அழித்த பிறகு குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் 30 நாள் வரை அங்கேயே கிடக்கும். கணவருக்கு வட்ஸப்பில் அனுப்ப வேண்டாம், அவர் வந்ததும் கையில் காட்டுங்கள். அந்த ஃபோன் பழுதானால் கடையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், பக்கத்தில் இருந்து திருத்தி வாங்குங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம், படம் வெளியே போன பிறகு நமக்குக் கிடைக்கிற உதவி மிகவும் மெதுவானது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் துன்புறுத்துவது அதில் குற்றம். சரி, சட்டம் இருக்கிறது. ஆனால் பொலிஸ் நிலையத்தில் நாலு பேர் நிற்கும்போது ஒரு பெண் அந்தப் படத்தைக் காட்டி எப்படி விளக்குவாள்? தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதி வாங்குவது நம் உரிமை, அதற்கும் மன்றாட வேண்டியிருக்கிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யாராவது மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழையுங்கள். ஸ்டொப்என்சிஐஐ (StopNCII) என்ற இலவச இணையச் சேவையும் உண்டு. படத்தை அங்கே அனுப்பத் தேவையில்லை. உங்கள் ஃபோனிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறியீட்டை உண்டாக்கும். பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவை அதை வைத்துப் படம் பரவாமல் தடுக்கப் பார்க்கும்.

கரண்ட் விஷயத்தில் விளையாட வேண்டாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். செருகும் விளக்கோ ஹெயார் ட்ரையரோ குளியலறைக்குள் வரக் கூடாது. பற்றரி விளக்கைச் சார்ஜ் வயரோடு எரிய விட்டால் அதுவும் செருகிய விளக்குத்தான். முதல் நாள் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். கரண்ட் நிற்காவிட்டால் முதலில் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், படம் பிறகு.

மற்றவை சுலபம். காலை எட்டு, ஒன்பது மணிக்கு யன்னல் வெளிச்சமே போதும், யன்னலில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள். கண்ணாடியில் படிந்த உப்புக்கறை படத்தில் புகைபோலத் தெரியும், முதல் நாளே தேசிக்காய்ப் புளி போட்டுத் தேயுங்கள். ஏசி அறையிலிருந்து கமராவைக் கொண்டுவந்தால் லென்ஸில் புகார் பிடிக்கும், பையை மூடியபடி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், வெயில் நாளில் கூரை மேல் கறுப்புத் தாங்கித் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும்.

ஆல்பம் கட்டாயம் வேண்டுமென்றால் ஸ்டூடியோவில் கொடுக்காதீர்கள். வீட்டில் வைத்துப் படம் அடிக்கும் சின்னப் பிரிண்டர்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. கணவர் வரும்போது ஒன்று வாங்கி வரச் சொன்னாலும் சரி. என்னத்துக்கு என்று கேட்டால், வந்ததும் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.