ஹெட்போனைக் கழற்றி வையுங்கள்

கேள்வி: ஜப்பானிய இசையமைப்பாளர் ஹிரோஷி யோஷிமுராவின் ‘மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்’ தொகுப்பை ஓராண்டாக இரவுதோறும் கேட்டு வருகிறேன். கதவைச் சாத்தி, வெளிச்சத்தத்தை அடக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டால், ஒரு மாதமாக விடாத அப்பாவின் இருமல்கூடக் காதில் விழாது. ஆனால் முன்பு கிடைத்த அமைதி இப்போது இல்லை. அடுத்து யாருடைய இசையைக் கேட்கலாம்?

பதில்: அடுத்த பெயரை நான் சொல்லப் போவதில்லை. இதே கேள்வி, இசையும் ஆளும் மாறி, எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு: அப்பாவின் இருமல் காதில் விழாததை ஹெட்போனின் சிறப்பாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இசை எப்படிப் பிறந்தது என்று யோசித்தீர்களா? யோஷிமுரா அதைத் தம் வீட்டிலேயே, ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோவில் வாசித்துப் பதிவு செய்தார். நகரும் மேகம், கோடையில் மரம் தரும் நிழல், மழையின் ஓசை, ஊரில் பெய்யும் பனி என, ஜன்னல் வழியே வந்தவைதான் அதற்கு ஊற்று. டோக்கியோவின் ஷினகாவா பகுதியில் இருந்த ஹாரா நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது ஒலித்தபோது, கலைப்படைப்புகளைப் பார்க்க வந்தவர்கள் இது யாருடைய இசை என்று விசாரித்தார்கள். 1982-இல் இசைத்தட்டாகவும் வந்தது. சில சுரங்கள், ஓர் இடைவெளி, பிறகு அதே சுரங்கள் சற்றே மாறி மீண்டும் வருகின்றன. காலடிகளும் தாழ்ந்த குரல் பேச்சும் புழங்கும் கூடத்தில், அந்த இடைவெளிகளின் வழியே மனிதர்களின் அரவம் உள்ளே வந்து இசையோடு கலந்துவிடும். ஜப்பானியர் இந்த வகையைக் ‘கன்க்யோ ஓங்காகு’, அதாவது சூழல் இசை என்கிறார்கள். 1986-இல் வீடு கட்டும் நிறுவனம் ஒன்றுக்காக, குடும்பங்கள் வாழும் வீடுகளை மனத்தில் வைத்தே ‘சரவுண்ட்’ என்ற தொகுப்பையும் அவர் செய்தார். சூழலோடு கலக்கவென்று ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்ததை, சூழலை அடைத்துவிட்டுக் கேட்கிறீர்கள். பிறகு அமைதி எங்கிருந்து வரும்?

தம்பி, பெற்றவர் அடுத்த அறையில் மூச்சுத் திணற இருமும்போது, கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளை செய்யும் தியானத்தை நான் தியானமாக ஏற்க மாட்டேன். சிறுவயதில் நீங்கள் இருமிய இரவுகளில் அவர் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருக்க மாட்டார். ஒரு மாத இருமல் என்று எழுதிய நீங்கள், மருத்துவரிடம் காட்டியதாக ஒரு வரி எழுதவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். நாளைக் காலையிலேயே, வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, நீங்களே அழைத்துப் போங்கள்.

இன்றிரவு ஹெட்போனை எடுக்காதீர்கள். அப்பாவின் கட்டிலருகே ஒரு சிறிய ஸ்பீக்கரை வைத்து, அவருக்கு இடைஞ்சலா என்று கேட்டுக்கொண்டு, மிகத் தாழ்ந்த ஒலியில் அதே தொகுப்பைப் போடுங்கள். அவர் இருமினால் எழுந்து, தலையணையை உயர்த்தி, வெந்நீர் கொடுங்கள். இசை அது பாட்டுக்கு ஒலிக்கட்டும்.