இந்த வருஷம் குடில் வைக்கவா, வேண்டாமா?

கேள்வி: என் கணவர் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் சாயம் ஊற்றுகிறவர். ஆகஸ்டில் பக்கவாதம் வந்து வலது கை விளங்கவில்லை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். நகையெல்லாம் அடகில், போன வாரம் ஏல நோட்டீஸும் வந்துவிட்டது. இடைக்காட்டூர் திருஇருதய ஆண்டவர் கோவிலுக்கு மூன்று முறை போய் அழுதுவிட்டு வந்தேன். ஒன்றும் மாறவில்லை. ‘உனக்கு விசுவாசம் பத்தலை’ என்கிறார் ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா. இந்த கிறிஸ்துமஸுக்கு, இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடில் வைக்க மனசில்லை. நம்பிக்கை இல்லாமல் வைத்தால் அது நடிப்புதானே? தீபாவளிக்குத் தேன்குழல் கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் திருப்பி அனுப்பவும் ஒன்றுமில்லை.
– பெயர் வேண்டாம், காரைக்குடி வட்டாரம்

பதில்: சகோதரி, முதலில் அந்த அக்காவின் பேச்சை விட்டுத்தள்ளுங்கள். பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான். பேச ஆரம்பித்த பிறகுதான் வினை. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்கள் மேல்தான், புலம்பிய யோபு மேல் அல்ல.

உங்கள் கணவருடைய கை எப்படிப்பட்ட கை என்று எனக்குத் தெரியும். ஒரு பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, சின்னக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் சாயக் குழம்பை ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சைத் தூக்குவார்கள். ஒரு நூல் பிசகினால் பூவின் இதழ் கலங்கிவிடும். அந்தக் கை ஓய்ந்துபோனால் வீட்டில் வருமானம் மட்டுமா நிற்கும்? ‘எல்லாம் நன்மைக்கே’ என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லாம் சரியாகிவிடும் என்று அடித்துச் சொல்வதுதான் விசுவாசம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியானால் பைபிளில் இருக்கும் 88-ஆம் திருப்பாடலை என்ன செய்வது? மற்ற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் அழுகையில் தொடங்கி, எப்படியோ ஒரு நம்பிக்கை வரிக்கு வந்துவிடும். இது வராது, இருளிலேயே முடிந்துவிடும். ஆனாலும் பாடியவர் முதல் வரியிலிருந்து கடவுளைக் கூப்பிட்டுத்தான் பேசுகிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. இடைக்காட்டூருக்கு மூன்று முறை பஸ் ஏறிய நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

குடிலுக்கு வருகிறேன். நாம் அதற்குச் சரிகைத் தாளும் சீரியல் விளக்கும் போட்டு வைத்திருக்கிறோம், சரி. உள்ளே இருப்பவர்களின் நிலைமை என்ன? குழந்தை இயேசுவைக் கோவிலில் ஒப்புக்கொடுக்கப் போனபோது பெற்றோரான சூசையும் மரியாளும் கொடுத்தது ஒரு ஜோடிப் புறா (லூக்கா 2:24). ஆட்டுக்குட்டி வாங்க முடியாத ஏழைகளுக்குச் சட்டம் கொடுத்த சலுகை அது. அப்புறம் குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓட்டம். ஏல நோட்டீஸ் வந்த வீட்டில் இவர்களை வைப்பதில் என்ன நடிப்பு?

என் அப்பா இறந்த வருஷம் தேவகோட்டை வீட்டில் அப்பத்தா குடில் வைத்தார். வைக்கோல், மாடு, கழுதை, சூசை, மரியாள் எல்லாம் உண்டு. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தும் பாலன் சுரூபத்தை மட்டும் எடுத்து வைக்கவில்லை. அது பஞ்சு சுற்றி மிட்டாய் டப்பாவிலேயே கிடந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் மூவரசர் திருநாளன்று காலையில் பார்த்தால் தொட்டியில் இருக்கிறது! ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். “அன்னைக்கு எனக்கு அவர் மேல கோவம். அது அவருக்கும் தெரியும்” என்றார். நீங்களும் முடிந்த அளவுக்கு வையுங்கள். முடியாவிட்டால் மகளிடம் விட்டுவிடுங்கள்.

இனி வெளிவேலை. நோட்டீஸை உள்ளே வைத்துப் பூட்டாமல் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். வட்டியைக் கட்டினால் எவ்வளவு தவணை தருவார்கள் என்று கேளுங்கள். ஒருவேளை ஏலமே போனாலும் கடன், வட்டி, செலவு போக மீதிப் பணம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். கைக்கு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், பக்கவாதத்தில் சீக்கிரம் தொடங்குகிற பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். பங்குச் சாமியாரிடமும் நிலைமையைச் சொல்லுங்கள். ஜெபத்துக்காக மட்டும் இல்லை, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகவும்தான்.

அப்புறம் அந்த ஆச்சி. பலகாரம் வந்த தூக்கை வெறுமனே திருப்பக் கூடாது, அவ்வளவுதானே? ஒரு கைப்பிடி சீனி போட்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். “என்னத்தா, முகம் வாடியிருக்கே?” என்று அவர் கேட்டால், இந்த ஒரு தடவை “ஒண்ணுமில்லை ஆச்சி” என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.