கையெழுத்துப் போடும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகிகளின் கேள்விகளுக்குப் பதில்

பூர்வீக மாந்தோப்பு மூன்று ஏக்கர். எனக்கு 1986-ல் கல்யாணம் ஆனது. அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே, விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து போடு" என்கிறார் அண்ணன். எனக்குப் பங்கு இருக்கிறதா?
— போச்சம்பள்ளி

இருக்கிறது. சீர் செய்ததால் பங்கு போய்விடாது. விடுதலைப் பத்திரம் என்பது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. அந்த 1989 சட்டத்திலும், 25.3.1989-க்கு முன்பே மணமான பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை என்று ஒரு வரி இருந்தது. உங்கள் அண்ணனுக்கு யாரோ அந்தப் பழைய வரியைச் சொல்லியிருக்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த 2005 மத்தியத் திருத்தம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 9.9.2005 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் உச்ச நீதிமன்றம் 2020-ல் வினீதா சர்மா வழக்கில் தள்ளிவிட்டது. தோப்பு உங்கள் அப்பாவின் தனிச் சொத்தாகவே இருந்தாலும், உயில் இல்லாததால் அம்மா, அண்ணன், நீங்கள் எல்லோரும் சமமான வாரிசுகள்தான்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை ஏதாவது இருந்தால் அதை அசைக்க முடியாது. வில்லங்கச் சான்று போட்டால் தெரிந்துவிடும். கூடவே பட்டா, சிட்டா நகலும் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றில் மகள்களின் பெயர் விடுபடுவது சாதாரணமாக நடக்கிறது. விட்டிருந்தால் உடனே எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுங்கள்.

நீங்களே மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால் அது உங்கள் முடிவு. ஆனால் பத்திரத்தை முதல் நாளே வாங்கி, வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் படித்துப் பாருங்கள். தொகை பேசியிருந்தால் அது பத்திரத்தில் இருக்க வேண்டும். "ரொக்கம் அப்புறம் தர்றேன்" என்ற பேச்சு சார்பதிவாளர் அலுவலக வாசலோடு முடிந்துவிடும். வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய, விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987 சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ல் அழையுங்கள்.

மகளிர் உரிமைத் தொகை இலவசமா, கூலியா? மாமியாருக்கு வருகிறது, எனக்கு வரவில்லை.
— தொப்பூர்

விண்ணப்ப முகாம் 24.7.2023 அன்று தொடங்கியதே உங்கள் ஊரில்தான். வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா வேலையை அரசு ஒப்புக்கொள்கிறது என்பதுதான் "உரிமை" என்ற சொல்லின் பொருள். அதனால் இதை இலவசம் என்று சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர்தான் என்பதால், அடுப்படியில் இருவர் நின்றாலும் ஒருவர் உழைப்பே கணக்கில் ஏறுகிறது. தனிக்குடித்தனம் என்றால் தனி அட்டைக்கு எழுதிப் போடுங்கள். விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்கள் தகவல் வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும்.

குழுவில் என் பேரில் கடன் எடுத்தோம், செலவழித்தது வீட்டுக்காரர். தவணை நான் கட்டுகிறேன். இதுதான் பெண்ணுக்கு அதிகாரமா?
— பென்னாகரம்

தமிழ்நாட்டில் அரசு வழி மகளிர் குழுக்கள் 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கியது தருமபுரியில்தான். பெண்கள் தவணையைத் தவறவிட மாட்டார்கள் என்று வங்கிகள் கண்டுகொண்டன. பெண்ணிய ஆய்வாளர்கள் அப்போதிருந்தே கேட்பது இது: கடன் பெண்ணின் பெயரில், பணம் யார் கையில்?

உங்கள் கடன் எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சேமித்து, சுழற்றி, பிறகு வங்கியில் வாங்குவது சுய உதவிக் குழு. அதற்கு 10 லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது. வாராவாரம் ஆள் வந்து வசூலிக்கும் தனியார் நுண்கடன் வேறு. இதிலும் "குழு" என்றே சொல்வதால் குழப்பம். 40,000 ரூபாயை 12 சதவீதம் "ஃபிளாட்" வட்டியில் (கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி) 24 மாதத்துக்கு வாங்கினால் மாதம் 2,067 கட்ட வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 21.6 சதவீதம். வட்டி எந்தக் கணக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது.

அடுத்த கடனில் தீர்மானப் புத்தகத்தில் "பொதுச் செலவு" என்று எழுதாமல் "இரண்டு வெள்ளாடு வாங்க" என்று எழுதுங்கள். ரசீதும் காப்பீடும் உங்கள் பெயரில் இருக்கட்டும். நாளைக்கு ஆட்டை விற்கும்போது அந்தத் துண்டுச் சீட்டு பேசும்.

ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளி நான். கம்பெனி வேனில் மேற்பார்வையாளர் தொந்தரவு செய்கிறார். கம்பெனியைக் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறார்கள், அவர் கம்பெனியைக் காட்டுகிறார்.

பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளியும் பணியாளர்தான், நிறுவனம் விடும் வண்டியும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். பெண் தலைவர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். இல்லையென்றால் மாவட்ட உள்ளூர் குழு. அதற்கு மாவட்ட சமூக நல அலுவலகம் வழி காட்டும்.

கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்தில் போக வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம். தேதி, நேரம், வண்டி எண், இருக்கை, பக்கத்தில் யார் என்பதையெல்லாம் அன்றன்றே குறித்து வையுங்கள். புகார் ஆறு பிரதி. கம்பெனி, ஒப்பந்தக்காரர் இருவருக்கும் முகவரியிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை ஷிப்ட் மாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். பணம் தந்து சமரசம் செய்வதைச் சட்டம் அனுமதிக்கவில்லை.

இந்தச் சட்டத்தின் வேர், 1992-ல் ராஜஸ்தானில் அரசுத் திட்டப் பணியாளராக இருந்து ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி. அதற்காக அவர் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். மகளிர் அமைப்புகள் போட்ட விசாகா வழக்கில் 1997-ல் தீர்ப்பு வந்தது. சட்டமாக மேலும் பதினாறு ஆண்டு ஆனது.

மலைக்கிராமத்தில் 15 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். சொன்னால் யாரென்று தெரிந்துவிடுமா?
— அஞ்செட்டி

குழந்தைகள் உதவி எண் 1098-ல் பெயர் சொல்லாமலே தகவல் தரலாம். ஆனால் முகூர்த்தத்தன்று காலையில் சொன்னால் காலம் கடந்துவிடும். கர்நாடக எல்லை பக்கம்தான், அங்கே ஏதாவது கோயிலில் தாலி ஏறிவிடும். பத்திரிகை அடிக்கும்போதே, பெண்ணின் பள்ளி, வகுப்பு, மாப்பிள்ளை ஊர் எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். பெற்றோரிடம் எழுதி வாங்கிவிட்டு அதிகாரிகள் திரும்புவதோடு முடிந்ததென்று நினைக்க வேண்டாம். சில வாரத்தில் சத்தமில்லாமல் நடத்திவிடுவார்கள். மாஜிஸ்ட்ரேட்டின் தடையாணை கேளுங்கள். அதை மீறி நடக்கும் திருமணம் செல்லாது. ஏற்கெனவே மணமான பெண், தன் 20 வயது முடியும்வரை அதை ரத்து செய்யக் கோரலாம்.

இதில் மிகவும் கவலை தருவது இன்னொன்று. கர்ப்பமான சிறுமியை, போலீஸ் கேஸாகுமென்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போகாமல் விடுகிறார்கள். சிறாரைப் பாலியல் குற்றத்திலிருந்து காப்பாற்ற வந்த போக்சோ சட்டம் அவளை மருத்துவரிடமிருந்து விலக்கிவிடுகிறது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயர், அடையாளத்தை, அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 29.9.2022 அன்று சொல்லியிருக்கிறது. மருத்துவமனையில் இதைச் சொல்லிக் கேளுங்கள். பிரசவத்துக்கு எந்த நிலையிலும் தாமதிக்காதீர்கள், சிறுவயதுப் பிரசவத்தில் ஆபத்து அதிகம்.

வாச்சாத்தியில் செய்ததும் அரசுதானே? அந்த அரசிடமே போய் ஏன் கேட்க வேண்டும்?
— அரூர்

நியாயமான கோபம். 20.6.1992 அன்று, தருமபுரி மாவட்டத்தின் பழங்குடிக் கிராமமான வாச்சாத்திக்கு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து போனார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். தருமபுரி நீதிமன்றம் 29.9.2011 அன்று, உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதே தேதியில், 2023-ல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. அந்தப் பெண்கள் அரசை நம்பியதால் இது நடக்கவில்லை. பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கமும் துணை நிற்க, 31 ஆண்டுகள் விலகாமல் சாட்சி சொன்னார்கள். அரசின் ஒரு கை அடித்தபோது, இன்னொரு கையைப் பிடித்து இழுத்து நிற்க வைத்தார்கள்.

இன்று அப்படி நேர்ந்தால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எல்லை இதுவல்ல என்று திருப்பி அனுப்ப முடியாது. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. குற்றம் செய்தவர் அரசு ஊழியர் என்றால் வழக்குக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற பழைய கேடயம், 2013-க்குப் பிறகு பாலியல் குற்றங்களுக்குக் கிடையாது. மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, ரசீதை வைத்துக்கொண்டு மாஜிஸ்ட்ரேட்டிடம் போங்கள்.