அரசாங்க உதவித்தொகையை கம்ப்யூட்டரே முடிவு பண்ணலாமா? லண்டன் லாக்டவுன்ல நான் பார்த்தது

கேள்வி: சொந்தமா தொழில் பண்றவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற வருமான உதவியை, ஆளே பார்க்காம கம்ப்யூட்டர் முடிவு பண்றது நியாயமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஒரு வரில சொல்ல வராதுங்க. எனக்கு காசு வந்துச்சு, கூட வேலை பார்த்த அண்ணாவுக்கு வரல, ரெண்டு பேருக்கும் முடிவு சொன்னது ஒரே கம்ப்யூட்டர்தான். அதனால ரெண்டு கதையையும் சொல்றேன், நீங்களே பார்த்துக்கங்க.

நான் திருச்சிக்காரன். மனைவிக்கு இங்க வேலை கிடைச்சு, டிபெண்டன்ட் விசால கூட வந்தவன். லண்டன்ல ஈஸ்ட் ஹாம்ல இருக்கோம். 2016 ஏப்ரல்ல இருந்து போட்டோ வீடியோ எடுக்கறேன், கல்யாணம், சாமத்திய வீடு (நம்ம ஊர் மஞ்சள் நீராட்டு), கோயில் தேர், பிறந்தநாள்னு எது வந்தாலும். கஸ்டமர்ல முக்கால்வாசி இலங்கைத் தமிழர்கள்தான். 2020 ஏப்ரல், மே ரெண்டு மாசத்துக்கு மட்டும் 11 புக்கிங் இருந்துச்சு. மார்ச் 23 லாக்டவுன் அறிவிச்சதும் ஒவ்வொருத்தரா போன், "தம்பி குறை நினைக்காதேங்கோ"ன்னு ஆரம்பிச்சு, அட்வான்ஸ திருப்பிக் குடுக்கறதுல முடியும். ஒரு வாரத்துல காலண்டர் வெள்ளையாயிடுச்சு.

சம்பளக்காரங்களுக்கு ஃபர்லோன்னு, வேலை இல்லாம வீட்ல இருந்தாலும் சம்பளத்துல பெரும்பங்கை அரசாங்கம் குடுக்கற திட்டத்தை, மார்ச் 20ஏ அறிவிச்சுட்டாங்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு என்னன்னு ஆறு நாள் கழிச்சு, 26ஆம் தேதிதான் அப்போ நிதியமைச்சரா இருந்த ரிஷி சுனக் சொன்னார். செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் இன்கம் சப்போர்ட் ஸ்கீம், எஸ்.இ.ஐ.எஸ்.எஸ்னு பேரு. சராசரி மாச லாபத்துல 80 பர்சன்ட், மாசத்துக்கு அதிகபட்சம் 2,500 பவுண்டு, மூணு மாசத்துக்கு மொத்தமா ஒரே தடவைல தருவோம்னாங்க. எங்க விசால பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசாங்க உதவிப் பணம், எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கும், அதனால முதல்ல பயந்துட்டேன், அப்புறம் பார்த்தா இந்த கிராண்ட் (மானியம்) அந்தக் கணக்குல வராதுன்னு தெளிவாவே எழுதியிருந்தாங்க.

மே மாசம் கிளெய்ம் திறந்தாங்க. வரி ஆபீஸ் சைட்ல யு.டி.ஆர்னு வரி கட்டறவங்களுக்குக் குடுக்கற நம்பரும், நேஷனல் இன்சூரன்ஸ்னு ஒவ்வொருத்தருக்கும் இருக்கற அடையாள நம்பரும் போட்டா, உனக்கு உண்டா இல்லையா, எந்தத் தேதில வரணும்னு அதுவே சொல்லிடும். என் தேதி வந்தன்னைக்கு பேங்க் ஸ்டேட்மென்ட், இன்வாய்ஸ் ஃபைல், பழைய ரிட்டர்ன் எல்லாத்தையும் கிச்சன் டேபிள்ல பரப்பி வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். ஒண்ணுமே தேவைப்படல. உள்ள போன உடனே என் தொகை ஏற்கனவே ஸ்க்ரீன்ல நின்னுட்டிருந்துச்சு, 2,880 பவுண்டு. கொரோனாவால தொழில் பாதிச்சிருக்குன்னு ஒரு டிக், பேங்க் அக்கவுண்ட் நம்பர், அவ்வளவுதான். போட்ட டீ ஆறல. ஆறு வேலை நாளுக்குள்ள வரும்னாங்க, வந்துச்சு. வாடகை குடுத்தோம். அந்த நேரத்துல இதுக்கு ஒரு ஆபீசர், ஒரு விசாரணை, ஒரு இன்டர்வியூன்னு வெச்சிருந்தா நான் ஆகஸ்ட் வரைக்கும் காத்துக்கிட்டிருந்திருப்பேன். இந்த மாதிரி அஞ்சு தடவை குடுத்தாங்க, கடைசில அஞ்சு கிராண்டும் சேர்த்து சுமார் 29 லட்சம் பேருக்கு 2,800 கோடி பவுண்டுக்கு மேல குடுத்திருக்காங்க, அத்தனை ஃபைலை ஆள் வெச்சுப் பார்க்க முடியாது. இதை ஒத்துக்காம மெஷினைத் திட்டறதுல அர்த்தம் இல்ல.

இப்போ அந்த 2,880 எப்படி வந்துச்சுன்னு பாருங்க, விஷயம் அங்கதான் இருக்கு. 2016-17, 2017-18, 2018-19 மூணு வருஷ டாக்ஸ் ரிட்டர்ன்ல இருக்கற லாபத்தைக் கூட்டி 36ஆல வகுக்கும். எனக்கு 14,000, 18,400, 10,800. மாசத்துக்கு 1,200 ஆச்சு, அதுல 80 பர்சன்ட் 960, மூணு மாசத்துக்கு 2,880. மூணாவது வருஷம் ஏன் குறைஞ்சுச்சு? தொழில் படுத்ததால இல்ல, நல்லா போனதால. அந்த வருஷம் ரெண்டு கேமரா பாடி, லென்ஸ், ஒரு ட்ரோன்னு 7,200 பவுண்டுக்கு சாமான் வாங்கினேன், அக்கவுண்டன்ட் முழுசையும் அதே வருஷத்துல கழிச்சுட்டார், வரி மிச்சம்னு நானும் சந்தோஷமா இருந்தேன். ரூல்படி லாபம்னா அந்தக் கழிவு போக மீதிதான். அதனால 480 பவுண்டு குறைஞ்சுச்சு. யார் தப்பும் இல்ல. ஆனா அந்த ரிட்டர்ன்ல ஒரு நம்பர் இருக்கு, அந்த நம்பருக்குப் பின்னாடி ட்ரோன் இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அவ்வளவுதான். (வருஷா வருஷம் செலவைக் கூட்டி லாபத்தைக் குறைச்சுக் காட்டின சில பேர் அன்னைக்கு முழிச்ச முழிய இங்க எழுத வேண்டாம்னு பார்க்கறேன். அவங்களுக்கு நான் அழ மாட்டேன்.)

அண்ணா கதைக்கு வரேன். மணவறை டெக்கரேஷன் பண்றவர், யாழ்ப்பாணம், நானும் அவரும் ஒரே ஹால்ல வாரா வாரம் நிப்போம். விடியக்காலைல வேனை ஓட்டிட்டு வந்து, தூண் தூக்கறதும் அவர்தான், நடுராத்திரி பூவைக் கழட்டறதும் அவர்தான். ஆனா யாரோ சொன்னாங்கன்னு லிமிடெட் கம்பெனியா பதிவு பண்ணி வெச்சிருந்தார். அப்போ அவர் செல்ஃப் எம்ப்ளாய்ட் கிடையாது, டைரக்டர். டைரக்டரா சின்ன சம்பளம், மீதி டிவிடெண்ட், அதாவது கம்பெனி லாபத்துல பங்கு. டிவிடெண்ட் இந்த ஸ்கீம்ல எந்தக் கணக்குலயும் வராது, ஏன்னா அது சொந்த உழைப்புல வந்ததா, எங்கயோ ஷேர் வாங்கிப் போட்டதுல வந்ததான்னு ரிட்டர்ன பார்த்து பிரிக்க முடியாதுன்னு அரசாங்கம் சொல்லுச்சு. "தம்பி, தூண் தூக்கேக்க நான் தொழிலாளி, காசு கேக்கேக்க டைரக்டராம்"னு போன்ல சிரிச்சார். சிரிப்பு நல்லா இல்ல.

இதே மாதிரி இன்னும் நிறைய இருக்கு. 2019 மே மாசம் கேப் ஓட்ட ஆரம்பிச்ச நண்பன், 2018-19 ரிட்டர்னே இல்ல, அதனால அவன் கம்ப்யூட்டர் பார்வைல பிறக்கவே இல்ல. நாலாவது கிராண்ட்ல, 2021 மார்ச் 2க்குள்ள 2019-20 ரிட்டர்ன் போட்டவங்களையும் சேர்க்கிறோம்னு சொன்னப்பதான் அவனுக்கு வழி பிறந்துச்சு, அப்படி 6 லட்சம் பேருக்கு மேல புதுசா தகுதி கிடைக்கலாம்னு அரசாங்கம் சொல்லுச்சு, ஒரு வருஷம் கழிச்சு. பகல்ல சூப்பர்மார்க்கெட் வேலை, சனி ஞாயிறு மெஹந்தி போடற அக்காவுக்கு, தொழில் லாபம் மொத்த வருமானத்துல பாதி கூட இல்லன்னு கிடையாது. இன்னொரு பக்கம் சராசரி லாபம் 50,000 பவுண்டு வரைக்கும் இருந்தா முழுசா 7,500 வாங்கலாம், அதுக்கு மேல ஒரு பவுண்டு போனாலும் சைபர். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறதெல்லாம் கிடையாது.

இதுல கோர்ட் வரைக்கும் போனது பிரசவ லீவு விஷயம். மூணு வருஷத்துல ஒரு வருஷம் குழந்தை பெத்து வீட்ல இருந்தா அந்த வருஷ லாபம் கம்மியா இருக்கும், சராசரி இறங்கும், கிராண்டும் இறங்கும். பிரெக்னன்ட் தென் ஸ்க்ரூட்னு ஒரு அமைப்பு கேஸ் போட்டாங்க. 2021 பிப்ரவரில ஹைகோர்ட்ல தோத்தாங்க. நவம்பர்ல அப்பீல் கோர்ட், ஆமா இது பெண்களை மறைமுகமா பாதிக்கிற பாகுபாடுதான், ஆனா அவ்வளவு அவசரத்துல அப்படிப் பண்ணதுக்கு நியாயம் இருக்குன்னு சொல்லிடுச்சு. அரசாங்கத் தரப்பு வாதமும் என் ட்ரோன் கதைதான், லாபம் ஏன் குறைஞ்சதுன்னு ரிட்டர்ன்ல எங்கயும் இல்ல, காரணம் கேட்டு சரிபார்க்க உட்கார்ந்தா எல்லாருக்கும் லேட் ஆகும்னு.

நிறைய பேர் இதுக்கெல்லாம் ஒரே மருந்து "ஒரு மனுஷன் பார்க்கணும்"ங்கறாங்க. இங்க சட்டத்துலயே அது இருந்துச்சு, முழுக்க மெஷின் எடுத்த பெரிய முடிவுன்னா, தெரிஞ்ச ஒரு மாசத்துக்குள்ள ஆள் வெச்சு மறுபடி பாருன்னு கேட்கலாம்னு 2018 டேட்டா ப்ரொடெக்‌ஷன் சட்டம் சொல்லுச்சு. சரி, அண்ணா ஃபைலை ஒரு ஆபீசர் எடுத்துப் பார்க்கறார்னு வெச்சுக்கங்க. டைரக்டரா? ஆமா. அப்போ கிடையாது. அவ்வளவுதான் அவரால சொல்ல முடியும், அவர் மனசு எவ்வளவு இளகினாலும். கூட்டல் வகுத்தல் தப்பாயிருந்தா ஆள் திருத்துவார். ரூலே அப்படி எழுதியிருந்தா ஆள் என்ன பண்ணுவார்? முடிவு கம்ப்யூட்டர் எடுக்கலங்க, மார்ச் மாசம் எந்தக் காகிதத்தை வெச்சு ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறதுன்னு நாலு பேர் உட்கார்ந்து பேசினாங்களே, அங்க எடுத்தாச்சு.

ஆனா குடுக்கறதுக்கும் பிடுங்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, இதை மட்டும் நான் விட்டுக் குடுக்க மாட்டேன். இதே சராசரிக் கணக்கை ஆஸ்திரேலியாவுல திருப்பிப் போட்டாங்க, ரோபோடெட்னு, ரோபோ போட்ட கடன்னு, பேரே வெச்சுட்டாங்க ஜனங்க. வருஷ வருமானத்தை ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு சமமா பிரிச்சு, அந்த வாரம் நீ இவ்வளவு சம்பாதிச்சிருக்கணும், அப்போ வாங்கின உதவி அதிகம், திருப்பிக் கட்டுன்னு லெட்டர் போச்சு, நாலு லட்சத்துக்கும் மேல ஆளுங்களுக்கு. ஒரு மாசம் வேலை ஒரு மாசம் இல்லன்னு வாழறவனுக்கு சராசரின்னா என்ன? சட்டவிரோதம்னு ஆகி, காசைத் திருப்பிக் குடுத்து, ராயல் கமிஷன்னு பெரிய விசாரணைக் குழு வெச்சு, 2023 ஜூலைல அறிக்கையும் வந்துச்சு. எனக்கு சராசரி தப்பினதுல 480 பவுண்டு குறைஞ்சுச்சு, அவங்களுக்கு இல்லாத கடன் தலைல விழுந்துச்சு. காசு குடுக்கும்போது மெஷின் முந்தட்டும், பின்னாடி சரி பார்த்துக்கலாம். திருப்பிக் கேட்கும்போது ஆள் முதல்ல வரணும், கேள்வி கேட்டுட்டு அப்புறம் லெட்டர் போடணும்.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிக்கறேன். முதல் கிராண்ட் குடுக்கறப்ப என் வரவு (செலவு கழிக்கறதுக்கு முன்னாடி வந்த மொத்தப் பணம்) எவ்வளவுன்னு அந்த சைட் என்கிட்ட கேட்கவே இல்ல. 2021ல அஞ்சாவது கிராண்ட்லதான் கேட்டுச்சு, ஏப்ரல் 2020ல இருந்து ஒரு வருஷ வரவு எவ்வளவு, முந்தின வருஷம் எவ்வளவு, அந்த முந்தின வருஷம் உனக்கு வழக்கமான வருஷம் இல்லன்னா அதுக்கும் முந்தினதைக் குடுன்னு. 30 பர்சன்டோ அதுக்கு மேலயோ விழுந்திருந்தா பழையபடி 80 பர்சன்ட், அதுக்குக் கம்மியா விழுந்திருந்தா 30 பர்சன்ட் மட்டும், மூணு மாசத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 2,850 பவுண்டு. எனக்கு ரெண்டு பெட்டில நம்பர் தட்டி அடுத்த பக்கம் போக அஞ்சு நிமிஷம் கூட ஆகல. இதே மாதிரி ஒரு பெட்டி, "இந்த வருஷம் லாபம் ஏன் குறைஞ்சது"ன்னு, முதல் நாளே வெச்சிருக்கலாமேன்னு அன்னைக்குத் தோணுச்சு. அண்ணாகிட்ட போன் பண்ணி சொன்னேன். "எனக்கு பெட்டியே காட்டேல்ல தம்பி"ன்னார்.