பற்றரி மோஷன் சென்சர் வாங்கப் போகிறவர்களுக்கு: வன்னியிலிருந்து ஒரு கேள்வி பதில்

வீட்டு வயரிங், கமரா, சோலார் என்று கிளிநொச்சிப் பக்கம் வேலை செய்கிறேன். ஆள் நடமாட்டத்தைக் கண்டு லைற்றைப் போடுகிற, போனுக்குத் தகவல் அனுப்புகிற பற்றரிச் சென்சர்கள் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே கேள்வி இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

பரந்தன்: அண்ணா, வைஃபை சென்சர் மலிவாகக் கிடைக்குது. சிக்பீ என்றால் ஹப் ஒன்றும் சேர்த்து வாங்க வேணுமாம். எதை எடுக்கலாம்?

எதற்கு என்று நீங்கள் சொல்லவில்லை, தம்பி. கடையின் பின்கதவால் யாரும் வந்தால் போனில் தகவல் வர வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஒரு வைஃபை சென்சர் போதும். லைற் எரிய வேண்டும் என்றால் சிக்பீ எடுங்கள். சிக்பீ என்பது வைஃபைபோல இன்னொரு கம்பியில்லாத் தொடர்பு முறை, அந்தச் செய்தியை வாங்கி லைற்றுக்குச் சொல்கிற சின்னப் பெட்டிதான் ஹப்.

பற்றரியில் ஓடும் வைஃபை சென்சர் எந்நேரமும் ரவுட்டரோடு தொடர்பில் இருப்பதில்லை. இருந்தால் பற்றரி தாங்காது. ஆகவே நித்திரையில் இருக்கும். ஆளைக் கண்டதும் எழும்பி, ரவுட்டரைப் பிடித்து, எங்கோ வெளிநாட்டில் இருக்கிற சேவருக்குச் செய்தி அனுப்பி, அது திரும்பி வந்து லைற்றைப் போடச் சில செக்கன்கள் ஆகிவிடும். அதற்குள் நீங்கள் இருட்டிலேயே விறாந்தையைக் கடந்து குசினிக்குள் போயிருப்பீர்கள். சிக்பீ சென்சரும் நித்திரை கொள்வதுதான். ஆனால் அது அனுப்பும் செய்தி மிகச் சின்னது, அதைக் கேட்கிற ஹப்பும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்ரநெற் இல்லாமலே லைற் எரியுமா என்று கேட்டு ஹப்பை வாங்குங்கள். எல்லா ஹப்பும் அப்படி இல்லை.

தருமபுரம்: மத்தியானம் பன்னிரண்டு தாண்டினால் எங்கள் சென்சர் ஆளைக் காண்பதே இல்லை. இரவில் திறம். பழுது என்று கடைக்காரர் மாற்றித் தந்ததும் அப்படித்தான் இருக்கு.

பழுதில்லை, அக்கா. உங்கள் கூரை சீற் அல்லது தகரமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சென்சர்களுக்குள் இருப்பது பி.ஐ.ஆர். என்கிற வெப்ப உணரி. அது எதையும் அனுப்புவதில்லை, கமராபோலப் படம் எடுப்பதும் இல்லை. நமது உடம்பிலிருந்து வருகிற வெப்பக் கதிரை மட்டும் வாங்கும். முன்னால் இருக்கிற வெள்ளைப் பிளாஸ்ரிக் வில்லை அறையைப் பல துண்டுகளாகப் பிரித்து உள்ளே காட்டுகிறது. சூடான உடம்பு ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது உணரியின் இரண்டு பாதிகளுக்கும் இடையில் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தைத்தான் அது அசைவு என்று சொல்கிறது. சுவரும் ஆளும் ஒரே சூட்டில் இருந்தால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? நமது தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியஸ். சோளகம் வீசுகிற மாதங்களில் சீற்றுக்குக் கீழே உள்ள அறையும் அந்த அளவைத் தொட்டுவிடுகிறது. பெட்டியில் 7 மீற்றர் என்று போட்டிருப்பது வழக்கமாக 25 பாகை அறையில் அளந்த கணக்கு. நம் ஊரில் ஆடி மாதத்து மத்தியானத்துக்கு அது பொருந்தாது.

செய்யக்கூடியவை சில உண்டு. வாங்கும்போது வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்யும் என்று விவரத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். உணர்திறனைக் கூட்ட வசதி இருந்தால் பகலுக்கு மட்டும் கூட்டுங்கள். 7 மீற்றரை மறந்துவிட்டு மூன்று நான்கு மீற்றருக்குள் ஆள் போகிற இடமாகப் பாருங்கள். நேராகச் சென்சரை நோக்கி நடந்து வந்தால் அது லேசில் பிடிக்காது, குறுக்கே நடந்தால் உடனே பிடிக்கும். அதனால் வாசலுக்கு எதிர்ச் சுவரில் வைக்காமல் பக்கச் சுவரில் வையுங்கள். பின்வெயில் படுகிற மேற்குச் சுவர் அதன் பார்வைக்குள் வர வேண்டாம். சற்றுக் கீழே சரித்து, குளிர்ந்த சீமெந்து நிலத்தைப் பார்க்க விட்டால் பகலிலும் வேலை செய்யும்.

மல்லாவி: சிலதுக்குப் பட்டன் பற்றரி, சிலதுக்கு ஏ.ஏ.ஏ. பற்றரி. பெட்டியில் 2 வருடம், 5 வருடம் என்று போட்டிருக்கு. நம்பலாமா?

அந்த வருடக் கணக்கு ஒரு நாளைக்கு இத்தனை தரம்தான் ஆள் போவார் என்று நினைத்துப் போட்டது. நெல் மூட்டை அடுக்கியிருக்கிற அறையில் 5 வருடம் போகிற அதே சென்சர், பிள்ளைகள் ஓடித் திரிகிற விறாந்தையில் ஒரு வருடமும் போகாமல் விடலாம்.

கொள்ளளவைப் பார்த்தால் 2032 பட்டன் பற்றரியில் ஏறத்தாழ 220 மில்லி அம்பியர் மணி இருக்கும், 2450இல் 600 அளவில், தடித்த 2477இல் 1000 வரை. 2032 போடுகிற மோஷன் சென்சரை நான் யாருக்கும் சொல்வதில்லை. கதவுச் சென்சருக்கு அது போதும், இதற்குப் போதாது. நல்ல அல்கலைன் ஏ.ஏ.ஏ. ஒன்றில் 1000 அல்லது அதற்குச் சற்று மேல். பிலிப்ஸ் ஹியூவின் உள்வீட்டுச் சென்சர் இரண்டு ஏ.ஏ.ஏ. போடுவது, சோனோஃபின் SNZB-03P என்கிற சிக்பீ மொடலுக்கு 2477. பற்றரியில் ஓடும் வைஃபை சென்சர்கள் பெரும்பாலும் ஏ.ஏ.ஏ. கேட்பதற்குக் காரணம், வைஃபை செய்தி அனுப்புகிற கணத்தில் இழுக்கிற மின்னோட்டத்தைப் பட்டன் பற்றரியால் கொடுக்க முடியாது.

நான் பார்க்கிற முதல் விஷயம் இதெல்லாம் இல்லை. பற்றரி தீர்கிற அன்றைக்கு உங்கள் ஊர்க் கடையில் அது கிடைக்குமா? ஏ.ஏ.ஏ. எந்தப் பலசரக்குக் கடையிலும் உண்டு. 2477 இருக்கிறதா என்று மல்லாவியில் நாலு கடை கேட்டுப் பார்த்துவிட்டுச் சென்சரைத் தெரிவு செய்யுங்கள். ஏ.ஏ.ஏ.யிலும் ஒரு குறை உண்டு: சூட்டில் கனகாலம் கிடந்தால் அல்கலைன் பற்றரி கசிந்து, தகட்டை அரித்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

போனில் காட்டும் சதவீதத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். லிதியம் பட்டன் பற்றரியின் வோல்ற்றளவு முடியும்வரை 3 வோல்ற்றை அண்டியே நிற்கும், பிறகு சடாரென்று விழும். நேற்று 80 காட்டியது இன்றைக்குச் செத்துக் கிடப்பது அதனால்தான்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டன் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால், அல்லது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே எரித்துவிடும். பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. மூடி திருகாணியால் பூட்டப்பட்ட சென்சராகப் பார்த்து வாங்குங்கள்.

அதே ஆள்: திரும்பச் சார்ஜ் பண்ணுகிற பற்றரி போடலாமா?

2032 அளவிலேயே வருகிற சார்ஜ் பற்றரி நிறையச் சார்ஜில் 4.2 வோல்ற் வரை போகும். 3 வோல்ற் சென்சருக்குள் போட வேண்டாம். ஏ.ஏ.ஏ. அளவுச் சார்ஜ் பற்றரி 1.2 வோல்ற், வேலை செய்யும், ஆனால் முதல் நாளிலிருந்தே பற்றரி குறைவு என்று சத்தம் போடும்.

ரொறன்ரோ: புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு இங்கிருந்து சென்சர் வாங்கி அனுப்பலாமா?

பெட்டியில் இசட்-வேவ் என்று இருந்தால் வாங்காதீர்கள். அதுவும் சிக்பீபோல ஒரு கம்பியில்லாத் தொடர்பு முறைதான், ஆனால் நாட்டுக்கு நாடு வேறு அலைவரிசை: வட அமெரிக்காவில் 908.42 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பாவில் 868.42. கனடாச் சென்சரும் சுவிஸ் பெரியப்பா அனுப்பிய ஹப்பும் ஒன்றோடொன்று பேசாது. சிக்பீ, வைஃபை இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடுவதால் அந்தச் சிக்கல் இல்லை. ஹப்போடு வரும் அடப்ரரில் 100 முதல் 240 வோல்ற் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 120 மட்டும் என்றால் இங்கே 230இல் செருகியதும் புகைதான்.

மாங்குளம்: மலசலகூடத்துக்குள் இருக்கும்போதே லைற் நின்றுவிடுகிறது. கையை ஆட்டிக்கொண்டு இருக்க வேண்டிக் கிடக்கு.

கையை ஆட்டினாலும் உடனே எரியாதே! பற்றரியை மிச்சம்பிடிக்க, ஒருமுறை அசைவைக் கண்டதும் பல சென்சர்கள் ஒரு நிமிடம்வரை கண்ணை மூடிக்கொள்ளும். லைற் அணைகிற நேரத்தைப் பத்து நிமிடமாகக் கூட்டுங்கள், எல்.ஈ.டி. பல்ப்புக்கு அது பெரிய செலவில்லை. அசையாமல் இருக்கிற ஆளையும் கண்டுபிடிக்கிற மில்லிமீற்றர் அலை ராடார்ச் சென்சர் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வயர் இழுத்துக் கரண்ட் கொடுக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான்: தோட்டத்துக்கு யானை வருகிறதைச் சொல்லுமா?

சொல்லாது. வீட்டுச் சென்சர் காண்பது 7 மீற்றர், கூடினால் 12 மீற்றர். யானை அவ்வளவு கிட்ட வந்த பிறகு போனில் தகவல் வந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

முறிகண்டி: முற்றத்தில் வைத்தது இரவு முழுக்க அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆள் ஒருவரும் இல்லை. நாயும் கட்டித்தான் கிடக்கு.

பல்லியைப் பாருங்கள். லைற்றுக்கு வருகிற பூச்சியைப் பிடிக்கப் பல்லி வரும். அது வில்லையின் மேலேயே நடந்தால் சென்சருக்கு ஒரு பெரிய உருவம் கடந்து போன மாதிரித்தான். சிலந்தி வலையும் அதே வேலையைச் செய்யும். சென்சரை லைற்றிலிருந்து தள்ளி வையுங்கள், வில்லையை உலர்ந்த துணியால் அடிக்கடி துடையுங்கள். பகலிலும் அடித்தால், வெயிலில் சூடேறிய வாழை இலை காற்றில் ஆடுகிறதா பாருங்கள். செல்லப் பிராணிகளைக் கணக்கெடுக்காது என்று விற்கிற வகை, நிலத்தோடு திரிகிற சின்ன நாய், பூனைக்குத்தான். படலையால் வருகிற மாட்டுக்கு இல்லை. மதிலில் ஏறுகிற பூனைக்கும் இல்லை.

வெளியே வைப்பதற்கு ஐ.பி. 65 என்று பார்த்து வாங்குங்கள் (தூசி, தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்று காட்டுகிற இலக்கம் அது), ஐப்பசி கார்த்திகை மழை சாய்வாக அடிக்கும். ஐ.பி. 44 என்றால் தாழ்வாரத்துக்குள் மட்டும்.

வவுனியா: கரண்ட் போனால்?

சென்சருக்கு ஒன்றும் ஆகாது, அதைக் கேட்கிற ஹப்புக்குத்தான் உயிர் போகும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது. ஆகவே ரவுட்டருக்கு விற்கிற சின்ன யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி, ரவுட்டரையும் ஹப்பையும் அதில் விடுங்கள். பவர் பாங்கில் ஹப்பை ஓட்டலாம் என்று நினைத்தால் முதலில் சோதித்துப் பாருங்கள். ஹப் இழுக்கிற கரண்ட் மிகக் குறைவு என்பதால் சில பவர் பாங்க் தானாக நின்றுவிடும்.

இன்னொன்று: பற்றரிச் சென்சர்கள் ஒன்றின் செய்தியை மற்றது வாங்கிக் கடத்தாது. கரண்டில் ஓடுகிற சிக்பீ பிளக்தான் அதைச் செய்யும். தூர அறைச் சென்சருக்கு அப்படி ஒரு பிளக்கை நடுவில் வைத்திருந்தால், கரண்ட் போகும்போது அந்த அறையும் போய்விடும். இன்வேட்டர் இருக்கிற வீட்டில் அந்தப் பிளக்கை இன்வேட்டர் லைனில் போடுங்கள்.

லண்டன்: அம்மா அக்கராயனில் தனிய இருக்கிறா. கமரா வேண்டாம் என்கிறா. சென்சர் உதவுமா?

உதவும், கமராவைவிட இதற்கு நான் ஓம் சொல்வேன். கட்டிலின் கீழே ஒன்று, நிலத்தைப் பார்த்தபடி: கால் கீழே வைத்ததும் மங்கலான லைற் ஒன்று எரியட்டும். படுக்கையில் புரண்டால் எரியாது. குசினியில் இன்னொன்று: அவ வழமையாகத் தேத்தண்ணி போடுகிற நேரம் தாண்டி ஒரு மணித்தியாலமாக அசைவில்லை என்றால் உங்களுக்குத் தகவல் வரும்படி வையுங்கள். தகவல் வந்தால் பதறாதீர்கள், பற்றரி தீர்ந்திருக்கலாம், இன்ரநெற் போயிருக்கலாம். முதலில் அம்மாவுக்கு, பிறகு பக்கத்து வீட்டுக்கு அழையுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு திறப்புக் கொடுத்து வைப்பதும் நல்லது. எங்கே எது இருக்கிறது என்று அம்மாவுக்குக் காட்டிவிட்டே பூட்டுங்கள்.

கனகராயன்குளம்: சுவர் நீலம், சென்சர் வெள்ளை. பெயின்ற் அடிக்கலாமா?

உடலுக்கு அடியுங்கள். வில்லையில் ஒரு துளியும் பட வேண்டாம், பட்டால் குருடு. ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைக்கவும் வேண்டாம், வெப்பக் கதிர் கண்ணாடியைக் கடந்து வராது.