எக்ஸ்பி கணினியில் இணையத் தளங்கள் ஏன் திறப்பதில்லை?

கேள்வி: 2004-இல் வாங்கிய பென்டியம் 4 கணினி நல்ல நிலையில் இருக்கிறது. 512 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அநேகமாக எந்தத் தளமும் திறப்பதில்லை. ரேமைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கணினி மெதுவாக ஓடுவது ஒரு சிக்கல். தளம் திறக்கவே மறுப்பது வேறு சிக்கல். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையில்தான் இயங்குகின்றன. எந்தப் பதிப்பில் பேசுவது என்று உலாவியும் சர்வரும் ஒத்துக்கொண்ட பிறகே பக்கம் வரும். எக்ஸ்பியில் இருக்கும் எக்ஸ்புளோரர் 8-க்கு டிஎல்எஸ் 1.0 வரைதான் தெரியும். அந்தப் பதிப்பை இணையத் தரநிலை அமைப்பான ஐஇடிஎஃப் 2021 மார்ச்சில் முறைப்படி விலக்கிவிட்டது. 1.2-க்குக் குறைவாகக் கேட்டால் பல சர்வர்கள் உடனே இணைப்பைத் துண்டித்துவிடும்.

முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். அப்போது தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி மறுக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும் பேட்டரிதான். மாற்றிவிட்டு மேற்கொண்டு பாருங்கள்.

எக்ஸ்பியிலேயே இருக்க வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ் 52 ஈஎஸ்ஆர் என்ற உலாவியைப் போடலாம். அதற்கு டிஎல்எஸ் 1.2 தெரியும், நம்பகமான சான்றிதழ்களின் பட்டியலையும் தன்னோடே கொண்டுவருகிறது என்பதால், விண்டோஸின் பழைய பட்டியல் குறுக்கே நிற்காது. தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸுக்குப் போய், லாங்குவேஜஸ் பகுதியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்பதை டிக் செய்யுங்கள். எக்ஸ்பி சிடியைக் கேட்கும், கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடும், இந்த ஃபயர்ஃபாக்ஸுக்கானது 2018-லும் முடிந்துவிட்டன. செய்தி படிக்கலாம்; வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் இதில் திறக்கவே கூடாது.

நான் பரிந்துரைப்பது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இயங்குதளம். ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகையின் 32-பிட் பதிப்பு 512 எம்பியிலும் ஓடும். பழைய மதர்போர்டு பென் டிரைவிலிருந்து துவங்காமல் போகலாம், அப்போது டிவிடியில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட ரேம் இங்கேதான் உதவும்: 2 ஜிபி போட முடிந்தால் போடுங்கள். இருந்தாலும் யூடியூப் சீராக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 32-பிட் லினக்ஸுக்கான ஃபயர்ஃபாக்ஸை மோசில்லா 2025-இல் 144-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டதால், இந்த வழிக்கும் ஆயுள் குறைவுதான்.

பழைய மென்பொருளுக்காக எக்ஸ்பியை விட மனமில்லையா? வீட்டில் இன்னொரு புதிய கணினியோ ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியோ இருந்தால் அதில் டபிள்யூஆர்பி என்ற இலவச ப்ராக்ஸியை (நடுவில் நின்று பக்கங்களை வாங்கித் தரும் மென்பொருள்) நிறுவுங்கள். அது தளத்தைத் தானே திறந்து, முழுப் பக்கத்தையும் படமாக்கி எக்ஸ்பி கணினிக்கு அனுப்பும். படத்தில் இணைப்பு உள்ள இடத்தைச் சொடுக்கினால் அடுத்த பக்கம் வரும். விண்டோஸ் 98-இல்கூட இது வேலை செய்கிறது. இரண்டு கணினிகளுக்கும் நடுவே மறையாக்கம் இல்லை என்பதால், வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியே இதைத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல்லும் தட்டச்சு செய்யாதீர்கள்.