கேளுங்கோ, சொல்லுறம்: கோணேசர் மலைக்குக் கீழ ஜப்பான் அலை

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளி. வோட்டர் கலர்ல கடல் கீறுறனான். ஜப்பான் ஓவியர் ஹொக்குசாய்ட அந்தப் பெரிய அலைப் படத்த போன்ல பாத்ததில இருந்து நான் என்ன கீறினாலும் நுரை எல்லாம் நகம் நகமா அவர்ட மாதிரியே வருது. "கோணேசர் மலைக்குக் கீழ என்னடி ஜப்பான் கடல்" எண்டு அண்ணா ஒரே பகிடி. வெளிநாட்டுக் கலையப் பாத்து எடுக்கிறது பிழையா? எங்கட கோலம், சிற்பம் காணாதா? (பெயர் போட வேணாம்)

பதில்: பிழை இல்ல தங்கச்சி. அந்தப் படமே சுத்த ஜப்பான் சரக்கு இல்ல பாருங்கோ. 1831 அளவில ஹொக்குசாய் அதக் கீறேக்க அவருக்கு எழுபது வயசு, அந்த நீலம் 1700களின்ட தொடக்கத்தில பெர்லின்ல சிவப்புச் சாயம் செய்யப்போன இடத்தில தற்செயலா வந்த ரசாயன நீலம், அது கப்பல்ல ஜப்பானுக்கு வந்து இறங்கினது, தூரத்தில இருக்கிறத சின்னனாக் காட்டுற முறையையும் ஒல்லாந்தர் கொண்டுவந்த படங்களப் பாத்துத்தான் பழகினவர் (ஓம், எங்கட கோட்டையில இருந்த அதே ஒல்லாந்தர்தான்). ஆனா அவர் கீறினது பெர்லினும் இல்ல ஒல்லாந்தும் இல்ல. அலையப் பாக்கிற அவசரத்தில கனபேர் கவனிக்கிறேல்ல, கீழ மூண்டு வள்ளம் கிடக்கு, சந்தைக்கு மீன் ஏத்தி ஓடுற வள்ளங்கள், ஆக்கள் குனிஞ்சு துடுப்ப இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கினம். அது அவர் தன்ட கரையில கண்டது.

அதால நகத்த விட்டிடுங்கோ, அது அவர்ட கையெழுத்து. எடுக்க வேண்டியது வேற. பாக்கிற ஆள அலைக்குக் கீழ இருத்தி, நாட்டிலயே பெரிய பியூஜி மலைய அலைக்கு நடுவில சின்னனா வைச்சார் பாருங்கோ, அந்தத் துணிச்சல எடுங்கோ. கோணேசர் மலைய எல்லாரும் கீழ நிண்டு அண்ணாந்து பாத்துத்தான் கீறுறினம், நீங்கள் வள்ளத்தில இருந்து பாக்கிற மாதிரி, மாரிக் கடல் எழும்பேக்க, மலை விரலளவு தெரியிற மாதிரி ஒருக்கா கீறிப் பாருங்கோ. பிறகு இன்னொண்டு, எங்களுக்குச் சூரியன் கடலுக்குள்ள இருந்து வாறது, காலமை வெளிச்சம் அலைக்குப் பின்னால இருக்கும், உடையிற அலை பச்சையா ஊடு தெரியும். அந்தப் பச்சை ஹொக்குசாய்ட படத்தில இல்ல.

கொப்பி அடிச்சுப் பழகிறதில வெக்கம் வேணாம். ஒல்லாந்து ஓவியர் வான்கோ 1887ல பரிஸில இருந்துகொண்டு ஹிரோஷிகே எண்ட ஜப்பான் ஓவியர்ட படங்கள அப்பிடியே எண்ணெய்ச் சாயத்தில கீறினவர், ஓரத்தில தனக்கு வாசிக்கவே தெரியாத ஜப்பான் எழுத்துகளையும் போட்டு! அடுத்த வருசம் தெற்குப் பிரான்ஸில ஆர்ல் பக்கம் போனாப்பிறகு அந்த ஓரத்து எழுத்துகள் இல்ல, தட்டையான நிறமும் தடிச்ச கோடும்தான் மிஞ்சினது. அது வரைக்கும் அண்ணா சிரிக்கட்டும்.

கோலம் காணாதா எண்டா, நல்லாக் காணும், நீங்கள் குந்தியிருந்து புள்ளி வைச்சுக் கோடு இழுத்தா. 1970கள்ல சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி ஆக்கள் கோலத்த வைச்சு கம்ப்யூட்டருக்குப் பட இலக்கணமே, அதாவது படம் கீறுற விதிகளே, எழுதினவை. "எங்கட பாரம்பரியம்" எண்டு கதைக்கிற முக்கால்வாசிப் பேர் கோலப்பொடி தொட்டதில்ல.

கேள்வி: நிலாவெளியில மச்சாளோட சேந்து பாத்திக் (மெழுகு பூசிச் சாயம் போடுற துணி) செய்யிறன். நியூசிலாந்துப் பூர்வீகச் சனம், மாஓரி ஆக்கள் முகத்தில குத்துற டிசைன சேர்ட்டில போட்டா வெள்ளைக்காரர் வாங்குவினம் எண்டு ஒரு கடைக்காரர் ஓடர் தாறார். செய்யலாமா?

பதில்: செய்யாதேங்கோ அக்கா. அந்த முகக் கோடுகள் அலங்காரத்துக்கு இல்ல, அவர் ஆர், எந்தப் பரம்பரை எண்டு சொல்லுறது, இன்னொருத்தர்ட வம்சத்த சேர்ட்டில அடிச்சு விக்கிறதுக்கு நாங்கள் ஆர்? ஜாவாவிலயே, நீங்கள் செய்யிற பாத்திக்கின்ட தாய்வீட்டில, பராங் எண்ட சரிஞ்ச வளைவு டிசைன யோக்யகர்த்தா அரண்மனை ஒருகாலம் அரச குடும்பத்துக்கு எண்டே ஒதுக்கி வைச்சிருந்தது. அதுக்காகப் பயந்து ஒண்டையும் தொடாம இருக்கவும் தேவையில்ல. ஒல்லாந்தர் ஜாவா பாத்திக்க மெசின்ல போலி செய்தவை, மெழுகு வெடிச்ச மாதிரி அதில வந்த கோடுகள் ஜாவாச் சனத்துக்குப் பிடிக்கேல்ல, மேற்கு ஆபிரிக்காவில அதே கோட்டுக்காகவே சனம் வாங்கினது, இண்டைக்கு உலகம் அத ஆபிரிக்கத் துணி எண்டுதான் சொல்லுது. கடைக்காரருக்கு நண்டு, கணவாய், திருக்கை போட்டு ஒரு சேர்ட் செய்து காட்டுங்கோ. வாங்காட்டி வேற கடை இருக்கு.

கேள்வி: நல்ல படம் பாக்கிறதெண்டா கொழும்புக்குப் போகோணும், பஸ் காசே இடிக்குது. வழி சொல்லுங்கோ அண்ணா. (சாம்பல்தீவு)

பதில்: நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் மியூசியம் 2017ல மூண்டே முக்கால் லட்சம் படங்கள இலவசமா விட்டது தம்பி, மேல சொன்ன அலையும் அதுக்குள்ள இருக்கு, பெரிசாக்கிக் கோடு கோடாப் பாக்கலாம். ஆனா உண்மையான படம் ஏ4 தாளின்ட ஒண்டரை மடங்கு அளவுதான் எண்டத மறக்காதேங்கோ, போன்ல எல்லாம் ஒரே அளவாத்தான் தெரியும். பிறகு கிட்டத்திலயே பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரை கிடக்கு, ராசராசப் பெரும்பள்ளி எண்டு பெயர் வைச்ச பௌத்தப் பள்ளி, சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளோட. வெயில் ஏற முதல் போங்கோ, கொப்பியும் பென்சிலும் கொண்டுபோங்கோ.